ஐந்நூறு பெயர்கள்

நாற்பத்தொரு பேரை ஏற்றிக்கொண்டு போக ஒரே ஒரு வேன் வந்தது. வெள்ளாந்துறை உப்பளத்தில் அந்த மே மாதக் காலையில் இருந்தவர்களோ இரண்டாயிரத்துக்கும் மேல்.

வேனை ஓட்டிவந்த ராசப்பன் கையில் ஒரு தாளோடு இறங்கினான். "புயல் இங்கதான் கரை ஏறுதாம். சாயங்காலம் அஞ்சு மணி. பேரு வாசிக்கிறேன், வாசிச்சவங்க மட்டும் ஏறுங்க."

உப்புக் கம்பெனி மேலாளர், அலுவலக ஊழியர்கள், எடைமேடைக்காரர்கள், காவலாளிகள். நாற்பத்தோராவது பெயரோடு தாள் முடிந்துவிட்டது.

உப்பு வாரும் பெண்களுக்கு மேஸ்திரியான செங்கமலம் முன்னால் வந்து நின்றாள். "மத்தவங்களுக்கு வண்டி எப்ப வரும்?"

"மத்தவங்கன்னு யாரும் இல்லியேம்மா. இந்தக் கரையில மொத்தமே நாப்பத்தோரு பேருதான்னு திரையில காட்டுது. தாலுகா ஆபீசுல நானே பாத்தேன்."

"அப்ப நாங்கள்லாம் யாரு?"

ராசப்பன் நிமிர்ந்து பார்த்தான். பாத்திகளின் வரப்புகள்மேல் கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலையில் முக்காடும் காலில் உப்புப் புண்ணுமாகப் பெண்கள், ஆண்கள், கொட்டகை வாசல்களில் பிள்ளைகள். அவன் தாளை ஒருமுறை திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

செங்கமலம் நேராக வேதநாயகியின் கடைக்கு நடந்தாள்.

வேதநாயகி உப்பளத்தின் ஓரத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தாள். வயது நாற்பத்து நான்கு. கடல்நீர் இறைக்கும் மோட்டார் எது எரிந்தாலும் அவளிடம்தான் வரும். செம்புக் கம்பியோடு பழகிய அந்தக் கை, பதினாறு வருடங்களுக்கு முன்னால் ஒரு வானொலிப் பெட்டியையும் கட்டியது. தேர்வு எழுதி உரிமமும் வாங்கினாள். கடலூரிலிருந்து கோடியக்கரைவரை அவளைப்போல் பத்தொன்பது பேர் இருந்தார்கள். ஒருவர் மருந்துக்கடைக்காரர், ஒருத்தி பள்ளி ஆசிரியை, இன்னொருவர் படகு மெக்கானிக். யாருக்கும் சம்பளம் கிடையாது. கடலில் புயல் சின்னம் தோன்றிவிட்டால் அவரவர் ஊரிலிருந்து மணிக்கொருமுறை காற்றின் திசையையும் வேகத்தையும் காற்றழுத்தத்தையும் சொல்வார்கள். போன்கள் செத்துப்போகும் நேரத்தில் செய்தி கடத்துவார்கள். 'உங்கள் சேவை இனித் தேவையில்லை' என்று ஐந்து வருடங்களுக்கு முன் அரசிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பத்தொன்பது பேரும் அதைப் படித்தார்கள். யாரும் நிறுத்தவில்லை.

செங்கமலம் சொன்னதைக் கேட்டுவிட்டு வேதநாயகி தன் நோட்டைத் திறந்து காட்டினாள்.

"நேத்து சாயங்காலம் வரைக்கும் புயல் வடக்கால போயிட்டிருந்திச்சி. விடியக்காலம் அஞ்சு மணிக்கு மேல தெக்கால திரும்புது. தானாத் திரும்பலக்கா. திருப்புறாங்க."

"புயலையா?"

"ஆமா. ஏழு வருசமா செய்யறாங்களே. ஆளில்லாத விமானம் நூத்துக்கணக்குல போயி, புயலுக்கு ஒரு பக்கத்துல கடல்தண்ணி சூட்டக் கொறைக்கிற மருந்தத் தெளிக்கும். புயலுக்குச் சூடுதான் சாப்பாடு. சூடு இல்லாத பக்கத்த விட்டுட்டு அது மறு பக்கமா சாயும். அம்பது அறுபது கிலோமீட்டர் தள்ளி விடலாம்."

"தள்ளி எங்க விடுவாங்க?"

"ஆளில்லாத கரையில."

செங்கமலம் வாசல் வழியாக வெளியே பார்த்தாள். "ஆளில்லாத கரை" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "நம்மள எதை வச்சி எண்ணினாங்களாம்?"

"போனை வச்சி. ஒரு கோபுரத்துல எத்தினி போன் பதியுதோ அத்தினி ஆளு. நம்ம பக்கத்துக் கோபுரத்த ரெண்டு வருசம் முன்னாடி கழட்டிக்கிட்டுப் போய்ட்டாங்கல்ல? கம்பெனி ஆபீசுக்கு மட்டும் தனி இணைப்பு இருக்கு. அதுல நாப்பத்தோரு பேரு."

தாலுகா அலுவலகம் பதினான்கு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. புயல் காப்பகமும் அங்கேதான். குழந்தைகளையும் முடியாதவர்களையும் தூக்கிக்கொண்டு, எதிர்க்காற்றில், நிழல் இல்லாத உப்புமண்ணில் இரண்டாயிரம் பேர் நடந்துவிட முடியாது. வேதநாயகி வானொலியைத் திறந்து நாகூரைக் கூப்பிட்டாள்.

நாகூரில் மருந்துக்கடை வைத்திருந்த ஹமீது கவுஸ் அவர்கள் குழுவில் ஒருவர். பதினாறு வருடமாக அவளுக்கு அவர் குரலைத் தெரியும். நேரில் பார்த்தது மூன்று முறையோ நான்கு முறையோ. அவள் சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கே பேசவில்லை.

"தங்கச்சி, நல்லாக் கேளு. புயலத் திருப்புற வேலையச் சென்னையில திசைத் தளம்னு ஒரு ஆபீசு பாக்குது. அவங்க சட்டத்துல ஒரு வரி இருக்கு. ஐந்நூறு பேரோ அதுக்கு மேலயோ இருக்கிற கரை மேல, அவங்கள வெளியேத்தாமப் புயலத் திருப்பக் கூடாது. ஓவர்."

"இங்க ரெண்டாயிரம் பேரு இருக்கோம்னு நான் சொன்னாப் போதுமா அண்ணே? ஓவர்."

"எண்ணிக்கை சொன்னா வதந்தின்னு தள்ளிடுவான். பேரும் வயசும் சொல்லணும். உயிராபத்துன்னு வானொலியில எது வந்தாலும் ஒரு மனுசன் காதால கேட்டு எழுதிக்கணும்னு பழைய விதி ஒண்ணு இருக்கு. அத எடுக்க மறந்துட்டானுவ. ஒரு மணிக்குள்ள முடிக்கணும். மத்தியானம் ஒரு மணி தாண்டிட்டா, மருந்து தெளிக்கிறத நிறுத்தினாலும் புயல் பழைய வழிக்குத் திரும்பாது. ஓவர்."

மணி அப்போது ஒன்பதே முக்கால். ஏற்கெனவே கணக்கில் இருந்த நாற்பத்தொரு பேர் போக இன்னும் நானூற்றைம்பத்தொன்பது பெயர்கள் வேண்டும். அவளுடைய பெட்டி சின்னது. சென்னை பேசுவது அவளுக்குக் கேட்கும், அவள் பேசுவது சென்னைக்குக் கேட்காது. ஆனால் நாகூருக்குக் கேட்கும். அவள் வாசிக்க, கவுஸ் அதை வாங்கிச் சென்னைக்குச் சொல்ல வேண்டும். வேறு வழியில்லை.

செங்கமலம் வெளியே போய் இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக் கத்தினாள். "எல்லாரும் வேதா கடைக்கு வாங்க! பேரு சொல்லணும்! வந்து பேரச் சொல்லுங்க!"

வரிசை நின்றது. முதலில் சிலருக்குத் தயக்கம். போன மாதம் வேறொரு கம்பெனியில் முன்பணம் வாங்கிவிட்டு ஓடிவந்த ஒருவன் பேரைச் சொல்ல மாட்டேன் என்றான். "செத்தா அந்தக் கம்பெனிக்காரன் வந்து தூக்கிப் போடுவானா?" என்று செங்கமலம் கேட்டதும் சொன்னான். ஒரு கிழவருக்குத் தன் வயது தெரியவில்லை. பின்னால் நின்றவர்கள் கூடிப்பேசி எழுபத்திரண்டு என்று முடிவு செய்தார்கள்.

"அஞ்சம்மாள், முப்பத்தொண்ணு" என்றாள் நிறைமாத வயிற்றோடு ஒரு பெண். "வயித்துல இருக்கிறதையும் சேத்துக்குங்க."

வேதநாயகி கேட்டாள். கவுஸ் சென்னையைக் கேட்டார். சென்னையில் வெற்றிச்செழியன் என்ற அதிகாரி, பிறந்தால்தான் கணக்கு என்றார்.

"பொறக்கிறதுக்கு ஒரு எடம் வேணும்ல, அதச் சொல்லுங்க" என்றாள் அஞ்சம்மாள். வேதநாயகி அதையும் அப்படியே சொன்னாள்.

ராசப்பன் கொஞ்ச நேரம் வரிசையைப் பார்த்துக்கொண்டே நின்றான். மேலாளர் ஏற்கெனவே தன் காரில் போய்விட்டிருந்தார்; மற்ற ஊழியர்களும் மோட்டார் சைக்கிள்களில் கிளம்பிவிட்டிருந்தார்கள். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அஞ்சம்மாளையும் கைக்குழந்தைக்காரிகளையும் வேனில் ஏற்றினான். "சோதனைச் சாவடியில நாப்பத்தோரு தலை இருக்கான்னுதான் பாப்பான். எந்தத் தலைன்னு பாக்க மாட்டான்." வேன் போனது. சோதனைச் சாவடியில் அதைத் திரும்ப விடவில்லை.

பதினொன்றரை மணிக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள் ஆகியிருந்தன. அப்போதுதான் வெற்றிச்செழியனின் குரல் குறுக்கே வந்தது. வேதநாயகிக்கு அது தெளிவாகவே கேட்டது.

"நாகூர், ஒரு நிமிஷம். நீங்க பேசறது நாகூர்லேர்ந்துதானே?"

"ஆமா சார்."

"ஐந்நூறு ஆயிட்டா நாங்க நிறுத்தித்தான் ஆகணும். நிறுத்தினா புயல் தன்னோட பழைய பாதைக்கே போகும். அந்தப் பாதை எந்த ஊருல முடியுதுன்னு நாங்க வெளியில சொல்றதில்ல. உங்களுக்குத் தெரியுமா?"

இரைச்சல். அதற்குள்ளிருந்து கவுஸின் குரல் நிதானமாக வந்தது.

"காலையிலேர்ந்து தெரியும் சார். என்கிட்டயும் ஒரு பாரோமீட்டர் இருக்கு. எங்க ஊர்லதான். அடுத்த பேரு எழுதிக்குங்க. தங்கரத்தினம், முப்பத்தேழு."

வேதநாயகி மைக்கிலிருந்து கையை எடுத்துவிட்டாள். வரிசையில் முன்னால் நின்றவன் தன் பெயரை இரண்டு முறை சொன்னான். அவள் வாசிக்கவில்லை.

"வெள்ளாந்துறை, அடுத்த பேரு. ஓவர்" என்றார் கவுஸ். கொஞ்சம் பொறுத்து, "தங்கச்சி?"

"ஏண்ணே எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீ வாசிச்சிருப்பியா?"

"ரெண்டு லட்சம் பேருண்ணே அங்க! இது வேணாம். நான் நிறுத்திக்கிறேன்."

"ரெண்டு லட்சம் பேருக்கும் மாடி இருக்கு. பள்ளிக்கூடம் இருக்கு, பள்ளிவாசல் இருக்கு, அஞ்சு மணி நேரம் இருக்கு. எங்க தம்பி தாவூது ஆட்டோவுல மைக்கக் கட்டிக்கிட்டு இப்பவே தெருத்தெருவாச் சொல்லிட்டு வர்றான். உங்களுக்கு என்ன இருக்கு? கீத்துக் கொட்டாய். எங்களுக்கு வர்றது எங்களுக்கே வரட்டும். அத உங்க தலையில எறக்கி வச்சிட்டு நாளைக்கு நான் எந்த மூஞ்சியோட கடையத் தொறக்கிறது? ஓவர்."

அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கடைக்குள் நின்ற எல்லோருக்கும் அது கேட்டிருந்தது.  காலையிலிருந்து எல்லோரையும் வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்த செங்கமலம் அப்போதுதான் முன்னால் வந்து மேசைமேல் கை வைத்தாள்.

"செங்கமலம், நாப்பத்தொம்பது" என்றாள். "இன்னும் எம் பேரையே சொல்லல. சொல்லு."

வேதநாயகி மைக்கை எடுத்தாள்.

பன்னிரண்டு இருபத்து நான்கிற்கு, நானூற்று நாற்பத்தைந்தாவது பெயரைச் சொல்லி முடித்தபோது கூரைக்கு மேல் பெரிய சத்தம் கேட்டது. ஏரியல் கம்பியைத் தாங்கியிருந்த மூங்கில் முறிந்து விழுந்துவிட்டது. வானொலி ஊமையானது. கம்பெனியின் நாற்பத்தொரு பேரையும் சேர்த்தால் நானூற்று எண்பத்தாறு. பதினான்கு பெயர்கள் குறைந்தன.

வெளியே ஓடினார்கள். அறுந்த கம்பியை வேதநாயகி பல்லால் கடித்து உறையை உரித்து முறுக்கினாள். வேறு மூங்கில் கொண்டுவந்தார்கள். நட்டால் காற்று பிடுங்கியது. கடைசியில் பன்னிரண்டு பேர் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மனிதத் தூணாக நின்றார்கள். உப்புமண் ஊசியாக முகத்தில் குத்தியது. வானொலிக்கு உயிர் வந்தபோது மணி ஒன்று பத்து.

பிந்திவிட்டது. அவள் வெறுமனே காது கொடுத்தாள். சென்னை ஒரே அறிவிப்பைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது.

"பன்னிரண்டு ஐம்பத்திரண்டு மணிக்குத் திருப்பும் பணி நிறுத்தப்பட்டது. வெள்ளாந்துறையில் பதிவான எண்ணிக்கை ஐந்நூறு. நாகூர், நாகப்பட்டினம் பகுதிகளுக்குச் சிவப்பு எச்சரிக்கை."

"எப்படி ஐந்நூறு ஆச்சு?" என்றாள் வேதநாயகி.

"எவனோ ஒருத்தன் மனசு வச்சி எண்ணியிருக்கான்" என்றாள் செங்கமலம்.

நாகூரைக் கூப்பிட்டாள். பதில் இல்லை.

மாலை ஐந்து இருபதுக்குப் புயல் நாகூரில் கரை ஏறியது. வெள்ளாந்துறையில் கொட்டகைகளின் கீற்று ஒன்றுகூட மிஞ்சவில்லை. கடல் முழங்கால் உயரத்துக்குப் பாத்திகளில் ஏறி, குவித்து வைத்திருந்த உப்பு முழுவதையும் கரைத்துக்கொண்டு போனது. கம்பெனியின் ஒரே கான்கிரீட் கிடங்கின் பூட்டைச் செங்கமலம் கடப்பாரையால் உடைத்தாள். இரண்டாயிரம் பேரும் அதற்குள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நின்றார்கள். யாரும் சாகவில்லை.

நாகூரில் மூன்று பேர் இறந்தார்கள். ஒருவர் கவுஸின் தம்பி ஷேக் தாவூது. படுக்கையில் கிடந்த இரண்டு நோயாளிகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுத் திரும்பும்போது ஆட்டோவின்மேல் சுவர் விழுந்துவிட்டது.

நான்காம் நாள் சாலை திறந்ததும் வேதநாயகி நாகூருக்குப் போனாள். கவுஸ் கடை வாசலில் நனைந்த மருந்துப் பெட்டிகளை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். 

"தாவூது பொண்டாட்டி என்னப் பாத்து ஒரே கேள்விதான் கேக்குறா" என்றார் கவுஸ். "நீங்க சும்மா இருந்திருந்தா அவுக இருந்திருப்பாகல்லன்னு. ஆமான்னுதான் சொன்னேன். வேற என்ன சொல்ல? நான் ராவும் பகலும் யோசிச்சுப் பாத்துட்டேன் தங்கச்சி. நாளைக்கே இன்னொரு புயல் வந்தாலும் இதையேதான் செய்வேன். அதான் எனக்குப் பயமா இருக்கு."

ஐந்நூறு எப்படி நிறைந்தது என்று அவள் கேட்க நினைத்தாள். கடைக்குப் பின்னால் இருந்த தாவூதின் வீட்டுக்குள்ளிருந்து வந்த அழுகைச் சத்தத்தில் கேட்காமலே எழுந்து வந்துவிட்டாள்.

இரண்டு மாதம் கழித்து நாகப்பட்டினத்தில் விசாரணை நடந்தது. ஓய்வுபெற்ற பெண் நீதிபதி ஒருவர் ஆணையராக வந்திருந்தார். நரைத்த கொண்டை, மூக்கின் நுனியில் கண்ணாடி. அவருக்கு முன்னால் வேதநாயகியை உட்கார வைத்தார்கள். பின்வரிசையில் செங்கமலத்தோடு உப்பளத்து ஆட்கள் முப்பது பேர். சன்னலோரம் கவுஸ் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டாயிரம் பேரைக் காப்பாத்த ரெண்டு லட்சம் பேர் மேல புயலைத் தள்ளிட்டீங்கன்னு திசைத் தளம் சொல்லுது" என்றார் ஆணையர்.

"நாங்க தள்ளலைங்க. அவங்க தள்ளினத நிறுத்தச் சொன்னோம். நாங்க கரையில இல்லவே இல்லைன்னு எழுதி வச்சிட்டுத்தான் தள்ளினாங்க. இருக்கோம்னு சொன்னது குத்தமா?"

 ஆணையர் ஒரு பட்டியலை அவள் பக்கம் நகர்த்தினார். "இதுல கடைசிப் பதினாலு பேரைப் பாருங்க. பன்னிரண்டு இருபத்தாறுக்கும் பன்னிரண்டு ஐம்பதுக்கும் இடையில பதிவானது. உங்க ஏரியல் இருபத்து நாலுக்கே விழுந்துடுச்சுன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க."

வேதநாயகி படித்தாள். நானூற்று எண்பத்தேழு: ஹமீது கவுஸ், ஐம்பத்தொன்று. அடுத்து அவர் மனைவி சுலைகா பீவி, நாற்பத்தாறு. அடுத்து ஷேக் தாவூது, நாற்பத்து மூன்று. தாவூதின் மனைவி, அவர்களுடைய இரண்டு பெண்கள், பிறகு பக்கத்து வீட்டுக்காரர்கள். பதினான்கும் நாகூர்ப் பெயர்கள்.

எழுத்துகள் அவள் கண்ணில் கலங்கின. அந்த இருபத்து நான்கு நிமிடத்தில் அவர் தன் வீட்டு ஆட்களை ஒவ்வொருவராக எண்ணி உப்பளத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்.

"இந்தப் பெயரும் வயசும் நாகூர் வாக்காளர் பட்டியலோட பொருந்துது" என்றார் ஆணையர். "பேரிடர் நேரத்துல பொய்த் தகவல் கொடுத்தா ஏழு வருஷம் சிறை. இங்க பொய்ச் சாட்சி சொன்னாலும் அதே சட்டம்தான். யோசிச்சுப் பதில் சொல்லுங்க. இந்தப் பதினாலு பேரும் உங்க கரை ஆட்களா?"

சன்னலோரம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கவுஸ் எழுந்துவிட்டார். "அம்மா, அது வந்து நான்தான்..."

"அண்ணே, உக்காருங்க" என்றாள் வேதநாயகி, திரும்பிப் பார்க்காமலே. "கேள்வி என்னத்தான் கேட்டிருக்காங்க."

பிறகு ஆணையரை நேராகப் பார்த்தாள்.

"ஆமாங்க. பதினாலு பேரும் எங்க ஆளுங்க."

"ஷேக் தாவூது நாகூர்ல இறந்ததா ஆவணம் இருக்கு."

"செத்தது நாகூர்லதாங்க. ஆளு எங்க ஆளு."

பின்வரிசையில் செங்கமலம் எழுந்து நின்றாள். அவளைத் தொடர்ந்து மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். யாரும் அவர்களை உட்காரச் சொல்லவில்லை.

ஆணையர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.  பிறகு தட்டச்சு செய்பவர் பக்கம் தலையசைத்தார்.

"இறந்தவரோட முகவரி சொல்லுங்கம்மா" என்றார் அந்த ஊழியர்.

"ஷேக் தாவூது, ஏழாம் நம்பர், உப்பளச் சாலை, வெள்ளாந்துறை" என்றாள் வேதநாயகி. "மோட்டார் காயில் கட்டுற கடை. யாரக் கேட்டாலும் காட்டுவாங்க."